தென்னங்குழியில் ரவைப்பட்டி: துருப்பிடித்த துப்பாக்கியை என்ன செய்வது?

கேள்வி: வட இலங்கை வன்னியில், விசுவமடுவுக்கு உள்ளே எங்கள் பழைய வளவைத் துப்புரவாக்கித் தென்னை வைக்கிறோம். ஒன்பதாவது குழியை இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டும்போது அலவாங்கு இரும்பில் தட்டுப்பட்டது. மண்ணை விலக்கினோம். உக்கின பனங்குற்றிகளும் மண் சாக்குகளும் இருந்தன, அவற்றுக்குக் கீழே ஒரு பெரிய துப்பாக்கி. மேல்மூடி பூட்டியபடி இருக்கிறது. வலது பக்கத்தால் ரவைப்பட்டி தொங்குகிறது. அது பிகே என்ற இயந்திரத் துப்பாக்கி என்று மருமகன் சொல்கிறார். குழிக்குள் அறுந்து கிடந்த பட்டித் துண்டு ஒன்றில் நாற்பது ரவை மட்டில் இருக்கும். துருப்போக அதை வீட்டு விறாந்தையில் டீசல் வாளிக்குள் ஊறப் போட்டிருக்கிறார். பட்டி உள்ளே இறுகி நிற்பதால், துப்பாக்கிக்கும் எண்ணெய் விட்டு மூடியைத் திறந்து இழுத்தால் கழன்றுவிடும் என்கிறார். பித்தளைக்கு நல்ல விலை தருவதாகப் பழைய இரும்பு வியாபாரி சொன்னார். இத்தனை வருசம் மண்ணுக்குள் கிடந்தது இனி வெடிக்குமா? பட்டியைக் கழற்றலாமா? பொலிசுக்குச் சொன்னால் எங்களைப் பிடிப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

ஐயா, முதலில் விறாந்தையில் இருக்கிற வாளியைக் கவனிக்க வேண்டும். மற்றதைப் பிறகு வாசியுங்கள். வாளியைத் தூக்க வேண்டாம், டீசலை ஊற்றவும் வேண்டாம், ரவையை வெளியே எடுத்து வெயிலில் காயவிடவும் வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அடுப்பு, விளக்கு, நுளம்புத்திரி, பீடி எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் இன்றிரவு வேறு வீட்டில் படுக்க வையுங்கள். விறாந்தைக்குப் போகும் வழியில் ஒரு வாங்கையோ கயிற்றையோ குறுக்கே போட்டு யாரும் போகாமல் பாருங்கள். பிறகு தள்ளி நின்று பொலிசின் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள். துப்பாக்கி குழிக்குள் இருக்கிறது, அங்கே யாரும் போகாவிட்டால் அது யாரையும் தேடி வராது. வாளி இருப்பது பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில், அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வெடிக்குமா என்றால், வெடிக்கும். எல்லா ரவையும் வெடிக்கும் என்றில்லை. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று பார்த்துச் சொல்ல முடியாததுதான் பிரச்சினை. ஒரு ரவையில் நான்கு பாகம் இருக்கிறது: முன்னால் பாய்ந்து போகும் சன்னம், நடுவில் கோது, கோதுக்குள் உந்துமருந்து, கோதின் அடியில் சிறு வட்டமாகப் பற்றவைக்கும் மூடி. தொழிற்சாலையில் சன்னம் கோதுக்குள் இறங்கும் விளிம்புக்கும் அடிமூடியைச் சுற்றியும் அரக்குப் பூசி அடைத்திருப்பார்கள். ஈரமான நாட்டில், மழைக்குள் கிடந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. வெளியே கோது துருவேறிச் சொறிபிடித்திருக்கும், அரக்கு நின்றுபிடித்திருந்தால் உள்ளே மருந்து உலர்ந்தே இருக்கும். அரக்கு விட்டுப்போய் ஈரம் புகுந்த ரவையையும் செத்ததென்று எடுக்க முடியாது. நனைந்த அடிமூடி மருந்து உணர்வு குறைந்து கிடக்கும், உலர்ந்ததும் திரும்பவும் உயிர் பிடிக்கலாம். துருப்போக்கிக் காயவைக்கும் வேலை அதைத்தான் செய்கிறது.

டீசலைப் பற்றியும் தெளிவாகச் சொல்லவேண்டும். எண்ணெய் ஊறினால் ரவை செத்துவிடும் என்று வன்னியில் பலர் நம்புகிறார்கள். எண்ணெய் சில ரவைகளின் அடிமூடிக்குள் கசிந்து அதைக் கெடுக்கலாம், நாற்பதில் எத்தனைக்குள் கசிந்தது என்று யாருக்கும் தெரியாது. அடிமூடி கெட்டாலும் கோதுக்குள் இருக்கிற உந்துமருந்து நெருப்புப் பட்டால் எரியும். இப்போது வாளியில் இருப்பது வெடிமருந்தும் எரிபொருளும் ஒன்றாகச் சேர்ந்த கலவை.

துப்பாக்கிக்குள் இறுகிய பட்டியை இழுக்கலாமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏன் கூடாது என்று விளங்கினால்தான் மருமகன் கேட்பார். வெறுமனே தொடாதே என்றால், கைவேலை தெரிந்த இளைஞர் எவரும் கேட்கமாட்டார்.

நீங்கள் சொன்ன அடையாளங்கள், அதாவது வலது பக்கத்தால் பட்டி, மேலே திறக்கும் மூடி, பிகே வகைக்குப் பொருந்துகின்றன. இந்த வகைக்குப் போகும் ரவையின் அடியில் கோதைவிட அகலமான விளிம்பு இருக்கும். விளிம்பு இருப்பதால் ரவையைப் பட்டியிலிருந்து நேரே முன்னுக்குத் தள்ளி எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் கொடுக்கு விளிம்பைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும், ரவை கீழே இறங்கும், அதன் பிறகுதான் பூட்டு என்று சொல்லும், முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புப் பாகம் அதை முன்னுக்குத் தள்ளிக் குழலுக்குள் ஏற்றும். ஆகவே பட்டி நிறைந்த துப்பாக்கிக்குள் எந்த நேரமும் ஒரு ரவை பாதிவழியில் நிற்கலாம்: கொடுக்கின் பிடியில், இறங்கும் தட்டில், அல்லது குழல் வாயில். துருவேறிய பட்டி இறுகி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெளியே இருந்து பட்டியை இழுத்தால் அந்தப் பாதிவழி ரவையையும் அதைப் பிடித்திருக்கும் பாகத்தையும் சேர்த்தே இழுக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிற சுருள்வில். இந்த வகைத் துப்பாக்கி சுடத் தயாராக நிற்கும்போது பூட்டு பின்னுக்கு இழுபட்டு, சுருள்வில் அமுங்கி, ஒரு சிறிய இரும்புப் பிடியில் தொங்கி நிற்கும். விசையை அழுத்தினால் பிடி விடும், பூட்டு முன்னுக்குப் பாய்ந்து ரவையைக் குழலுக்குள் தள்ளி அதே பாய்ச்சலில் சுட்டுவிடும். தயார் நிலையில் கைவிட்ட துப்பாக்கி என்றால் அந்தச் சுருள்வில் இத்தனை வருடமாக அழுத்தத்தோடு காத்திருக்கிறது, அதைப் பிடித்திருப்பது துருப்பிடித்த ஒரு விளிம்பு மட்டுமே. இந்த நேரத்தில் துருவும் சேறும் சேர்ந்து பூட்டை அசையாமல் இறுக்கி வைத்திருக்கின்றன. எண்ணெய் விட்டு ஊறவைத்தால் அந்த இறுக்கமும் பிடியும் இளகலாம். மருமகன் நல்லதென்று நினைத்த வேலை, துப்பாக்கியைத் திரும்ப உயிர்ப்பிக்கிற வேலை.

பூட்டு முன்னுக்கு இருக்கிறதா, பின்னுக்கு இருக்கிறதா என்று கைபிடியைப் பார்த்துச் சொல்லலாம் என்றும் சிலர் வாதிடுவார்கள். பிகேயில் அது பலிக்காது. வலது பக்கத்துக் கைபிடி பூட்டோடு சேர்ந்து ஓடாது. பின்னுக்கு இழுத்தபின் அதை முன்னுக்குத் தள்ளி வைத்துவிடுவார்கள், பூட்டு பின்னுக்கே நிற்கும். கைபிடி முன்னுக்கு இருப்பதைப் பார்த்து வெறும் துப்பாக்கி என்று தூக்கினால் உயிர் போகலாம். பட்டி முழுக்க வெளியே வந்துவிட்டாலும் குழலுக்குள் ஒரு ரவை மிஞ்சியிருக்கலாம். பாதுகாப்புப் பூட்டும் துருவில் எந்த நிலையில் இறுகியது என்று சொல்ல முடியாது. ஆகையால் மூடியைத் திறக்கவும் வேண்டாம், குழல்வாய்க்கு முன்னால் நிற்கவும் வேண்டாம், குச்சியால் மண்ணைக் கிளறவும் வேண்டாம்.

அடுத்தது பித்தளை. வியாபாரி சொன்ன விலையை நம்பி யாராவது சுத்தியலும் குறடும் எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகை ரவைக் கோதுகளில் பெரும்பாலானவை உருக்கு. மேலே மெல்லிய செம்புப் பூச்சோ அரக்கோ இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பித்தளை என்று நினைக்கிறார்கள். துரு செங்கபிலமாக உதிர்கிறது என்றால் அது இரும்பு. பித்தளை அப்படித் துருப்பிடிக்காது, பச்சைக் களிம்புதான் பிடிக்கும். சன்னத்தின் உள்ளேயும் பெரும்பாலும் உருக்குத்தான். நாற்பது ரவையையும் கிலோ இரும்பு விலைக்கு விற்றால் வருகிற காசுக்காக யாரும் ஒரு விரலைக் கொடுக்கக்கூடாது.

சன்னத்தைக் குறடால் நெளித்துப் பிடுங்குவது, கோதை அரிவாளால் வெட்டுவது, நெருப்பில் போட்டு 'வெறுமையாக்குவது' மூன்றும் கையையும் கண்ணையும் பறிக்கும் வேலைகள். குழலுக்கு வெளியே ரவை வெடித்தால் சன்னம் தூரம் போகாது என்பது உண்மை. ஆனால் கோது கிழிந்து துண்டுதுண்டாகப் பறக்கும், அடிமூடி ஒரு சிறு சன்னம்போல வரும். முகத்துக்கு அரை மீற்றரில் அது நடந்தால் கண் போய்விடும். ஒரு பட்டிக்குள் சாதாரண ரவை மட்டும் இருக்கும் என்றும் இல்லை. வழி காட்டுவதற்கு ஒளி எழுப்பும் சன்னங்களும், துளைத்துத் தீமூட்டும் சன்னங்களும் இடையிடையே சேர்த்திருப்பார்கள். சன்ன நுனியில் பச்சை, கறுப்பு, சிவப்பு நிறம் பூசித்தான் அவற்றைப் பிரித்தறிவார்கள். மண்ணுக்குள் கிடந்ததில் அந்த நிறம் உரிந்துபோயிருக்கும். எல்லாம் ஒரே துருநிறமாக இருக்கும், வெட்டும்போதுதான் வித்தியாசம் தெரியவரும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு அளவு சொல்லிவைக்கிறேன், கிட்டப் போகாமல் கண்ணால் மட்டும் ஒப்பிட. நடுவிரல் அளவு, ஏறக்குறைய 7 அல்லது 8 சென்ரிமீற்றர் நீளம் என்றால் இந்த வகை ரவை. 15 சென்ரிமீற்றர் மட்டில், பெருவிரல் மொத்தம் என்றால் 50 கலிபர் என்று நம் ஆட்கள் சொல்லும் 12.7 மில்லிமீற்றர் ரவை. ஒரு சாணுக்கு மேல், 23 சென்ரிமீற்றர் வரை நீண்டு பருத்திருந்தால் அது 23 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கியினுடையது. 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்டவற்றில் முன்தலைக்குள்ளேயே வெடிமருந்தும் வெடிப்பியும் இருப்பது வழக்கம். அதை ரவை என்று நினைக்காதீர்கள், சிறிய எறிகணை என்று நினையுங்கள். பட்டியில் கோத்திருந்தாலும் அதுதான்.

குழிக்குள்ளே துப்பாக்கியைத் தவிர வேறு என்ன இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பனங்குற்றியும் மண்சாக்கும் இருந்தால் அது பதுங்குகுழி. இயந்திரத் துப்பாக்கி வைத்த பதுங்குகுழியில் கைக்குண்டு, ரவைப் பெட்டி, ஆர்பிஜி என்ற தோளில் வைத்து ஏவும் எறிகணை, கிளைமோர் என்ற சிதறு கண்ணிவெடி எதுவும் இருந்திருக்கலாம். அலவாங்கு அடுத்த குத்தில் எதைத் தொடும் என்று தெரியாது. போர்க்காலத்தில் காவலுக்குக் கட்டிய மண் அணைக்கு முன்னால் மிதிவெடி விதைத்த நிலமாகவும் இருக்கலாம். வன்னியில் எடுக்கப்பட்டவற்றில் பி4 போன்ற சின்னப் பிளாஸ்ரிக் மிதிவெடிகளும், மரப்பெட்டியில் செய்த ஜொனி 95உம் உண்டு. பிளாஸ்ரிக் மிதிவெடிகளில் இரும்பு மிகக் குறைவு, கண்டறியும் கருவிக்கே சவால். மரப்பெட்டி கறையான் தின்று உக்கியிருந்தால் அதன் வடிவமும் தெரியாது. ஆகவே மற்ற குழிகளையும் நிறுத்துங்கள். எட்டுக் குழியில் ஒன்றும் வரவில்லை என்பது பத்தாவது குழிக்கு உத்தரவாதம் ஆகாது.

எங்கள் காணி துப்புரவாக்கிக் கையளித்த காணிதானே என்று நீங்கள் கேட்கலாம். கையளிப்புப் பத்திரத்தைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ பாருங்கள். எந்த எல்லைக்குள், எந்த ஆழம் வரை தேடினார்கள் என்று அதில் குறித்திருப்பார்கள். மிதிவெடி புதைக்கும் ஆழத்தைக் கணக்கில் வைத்தே அந்த ஆழத்தை முடிவுசெய்வார்கள். உழவுக்கு அது காணும். தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று குழி எடுக்கிறோம். கிணறும் மலசலகூடக் கிடங்கும் இன்னும் ஆழம். இடிந்து மூடுண்ட பதுங்குகுழி அந்த ஆழத்துக்குக் கீழே கிடக்கும். அகற்றியவர்கள் பிழைவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, உங்கள் தேவை அவர்களின் ஆழத்தைத் தாண்டிப் போகிறது. ஆழமாகத் தோண்டும் முன் பழைய மண் அணையும் பதுங்குகுழியும் எங்கே இருந்தன என்று, 2009இல் போர் முடியும் முன் அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டு அந்த இடங்களை விலக்குவது நல்லது.

இப்போது செய்யவேண்டியது. குழிப்பக்கம் போனவர்கள் எந்த வழியால் வந்தார்களோ அந்த வழியால் மட்டும் போகட்டும், வேறு பக்கம் சுற்ற வேண்டாம். குழிக்குப் போகும் பாதையில், குழியிலிருந்து நன்றாகத் தள்ளி, தடியும் சிவப்புத் துணியும் கட்டி அடையாளம் வையுங்கள். குழி ஓரத்திலேயே தடி அடிக்க வேண்டாம். மாடு, ஆடு கட்டிவையுங்கள். அந்த வளவில் குப்பை எரிக்க வேண்டாம், காணி துப்புரவாக்கப் பற்றைக்கு நெருப்பு வைக்கவும் வேண்டாம். புரட்டாசி வெயிலில் பற்றை எரிக்கும்போது நிலத்தடி ரவை வெடித்துக் காயப்படுவது வன்னியில் தெரிந்த விடயம். குழியை மண்ணால் மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மண் விழுந்தாலும் அசையும். கிணற்றிலோ குளத்திலோ போட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். கிணறு இறைக்கும் ஆளுக்கும் குளத்தில் வலை போடும் ஆளுக்கும் அந்த ஆபத்தைத் தள்ளிவிடுவதாகத்தான் முடியும்.

அழைக்கும்போது மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போது. பெயர் தெரியாவிட்டால் வடிவத்தைச் சொன்னால் போதும். இடத்தை வீதி, கோவில், பள்ளிக்கூடம் என்று அடையாளம் வைத்துச் சொல்லுங்கள். பொலிசோடு கிராம அலுவலருக்கும் அன்றே சொல்லி, ஒரு சிறு கடிதம் எழுதித் திகதியோடு கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் உங்கள் பக்கம் வேலை செய்தால் அவர்களிடம் சொல்லலாம், அவர்கள் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையத்துக்கு அறிவிப்பார்கள். படம் எடுக்கக் கிட்டப் போகவேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானது, வன்னியில் அதைத் தேவையில்லாத பயம் என்று யாரும் சொல்லமுடியாது. நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களைக் காப்பது திகதி. கண்ட நாளும் அறிவித்த நாளும் கிட்டக்கிட்ட இருந்தால், கிராம அலுவலர் சாட்சியாக இருந்தால், காணியில் கிடைத்ததை அறிவித்தவராக உங்கள் பெயர் பதிவாகவே வாய்ப்பு அதிகம். ஒளித்து வைத்து வேறு யாராவது சொல்லி வெளியே வந்தால் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்கு, அதிலும் தானியங்கித் துப்பாக்கிக்குத் தண்டனை மிகக் கடுமை. நினைவுக்கு வைத்திருக்கலாம், பள்ளிக்கூடத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். வாளி விடயத்தை மறைக்காதீர்கள். மருமகன் எடுத்தார், துருப்போக்க டீசலில் போட்டார், இத்தனை ரவை மட்டில் இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். செயலிழக்கச் செய்ய வருபவருக்கு அந்தத் தகவல் வேண்டும். டீசலில் ஊறியது என்று தெரியாமல் அவர் கைவைத்தால் அவருக்குத்தான் ஆபத்து.

பிறகு நடப்பது கொஞ்சம் காலம் எடுக்கும். பொலிசார் பார்த்து, பெரும்பாலும் நீதவான் அனுமதி பெற்று, குண்டு செயலிழக்கச் செய்யும் படைப்பிரிவை அழைப்பார்கள். அவர்கள் வரும் வரை காவல் போடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் குழியைச் சுற்றிக் கருவியால் தேடி, துப்பாக்கியைத் தூரத்திலிருந்து கயிறு கட்டி அசைத்துப் பார்த்த பின்னரே கிட்டப் போவார்கள். அவ்வளவு பயிற்சி உள்ளவர்களே கையால் முதலில் தொடுவதில்லை என்பதை மருமகனுக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஒரு குழியோடு போகவிடாதீர்கள். மண் அணை ஓடிய பக்கம் முழுவதையும் மூன்றடி ஆழத்துக்குத் தேட வேண்டும், தென்னை வைக்கப்போகிறோம் என்று எழுத்தில் கேளுங்கள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்து, 2028 ஜூன் 1க்குள் தெரிந்த மிதிவெடி நிலங்களை முடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அகற்றும் அணிகள் களத்தில் நிற்கும்போதே கேட்பது சுலபம், அவர்கள் கூடாரம் பிரித்த பிறகு கடினம்.

தென்னம்பிள்ளைகள் பையில் நின்றால் பரவாயில்லை, நிழலில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்காமல் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பையைத் தூக்கி நகர்த்தி வைத்தால் இன்னும் சில மாதம் தாங்கும். எட்டுக் குழியில் இப்போது நட வேண்டாம், அந்தப் பக்கமும் தேடி முடியட்டும்.